புல் முளைக்காத தடம்

புல்தரைப் பராமரிப்புக்கு ஆள் அமர்த்தும் அன்று, கூடத்துச் சோபாவில் மருந்தடிக்கும் கம்பெனிக்காரர், எதிரே பிரம்பு நாற்காலியில் இயற்கை உரக்காரர், ஜன்னலோரம் இன்பராஜ், சமையலறை வாசலில் முக்காலி போட்டு அவர் மனைவி ஜெயசீலி. வெளியே, புல்தரையின் நடுவில் நீளமாக ஒரு வழுக்கை. மகன் ரூபன் பந்து வீச ஓடி ஓடித் தேய்ந்த தடம். அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் ஒரு போன்கூடப் பேசவில்லை.

"ஒரே மாசம் சார், தடமே தெரியாம மூடிடும்" என்றார் கம்பெனிக்காரர்.

"நாங்க சாணமும் புண்ணாக்கும்தான் சார். மண்ணு இறுகிக் கெடக்கு. ரெண்டு மழையாவது பாக்கணும்" என்றார் மற்றவர்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் இன்பராஜ் சட்டென்று.

"காபிக்கு மட்டுந்தான் பறப்பாரு" என்றாள் ஜெயசீலி.

வந்தவர்கள் போனதும், இயற்கை உரக்காரருக்கே வேலையைத் தருவதாக இன்பராஜ் முறைப்படி கடிதம் எழுதினார். ஜெயசீலி அதை வாங்கிப் படித்துவிட்டு, பேனாவைப் பிடுங்கி அடியில் தன் கையெழுத்தில் சேர்த்தாள்: 'நடுவில் உள்ள தடத்தைத் தொட வேண்டாம். அதில் ஓடுகிற பையன் வெளியூர் போயிருக்கிறான்.'

இன்பராஜ் அதை அப்படியே மடித்து உறையில் போட்டார். உறையை ஒட்டி, அன்றைய தபாலிலேயே சேர்த்தார்.