டிக்கிக்குப் போன பேட்டரி

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. ஆசிட் வாடை.

முதுகுக்குப் பின்னால் கட்டிய கையால் இருட்டில் தடவினான். பிளாஸ்டிக் பெட்டி. தடித்த கேபிள்.

அட, கூறுகெட்ட பயல்களா.

பேட்டரி இருக்கிற டிக்கியில், அந்தப் பேட்டரியை அங்கே வைத்த மெக்கானிக்கையே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

போன சித்திரையில் செய்த வேலை. பால்பாண்டிக்கு வேகம் வேண்டும். பழைய காருக்குள் பெரிய பெட்ரோல் எஞ்சினைத் திணிக்கச் சொன்னான். திணித்த பிறகு பானெட்டுக்குள் பேட்டரிக்கு இடமில்லை. டிக்கிக்கு மாற்றி, சீட்டுக்கு அடியில் கேபிள் இழுத்துக் கொடுத்தான் இவன். பால்பாண்டி கட்டிப்பிடித்து, நீ என் கூடப்பிறந்தவன் மாதிரி என்றான்.

அந்தப் பால்பாண்டிதான் ஆடி மாதம் பட்டறைக்கு எதிரே டீக்கடை தங்கையாவை வெட்டினான். பட்டப்பகலில். கொதிக்கிற பால் சட்டியில் முகத்தை அமுக்கிவிட்டு, அப்புறம் வெட்டினான்.

தெருவே பார்த்தது. பார்த்தேன் என்று சொன்னது இவன் ஒருவன்தான்.

நாளைக்குக் கோர்ட்டு. கூண்டில் ஏறி, கையை நீட்டி, இவன்தான் என்று சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் ஜாமீனில் வந்த பால்பாண்டி இன்றைக்குப் பட்டறைக்குள் புகுந்து ஷட்டரை இறக்கினான். கூட அவன் மச்சினன் சுந்தரம். சுந்தரம் இவன் வலது கையை மேசையில் வைத்து அமுக்கிக்கொண்டான். பால்பாண்டி வீல் ஸ்பானரை ஓங்கினான்.

"நீட்டுத வெரலு எது, லே?"

முதல் அடியில் சுட்டுவிரல். அடுத்ததில் நடுவிரலும்.

கத்துவதற்குள் வாயில் கிரீஸ் துணி. காலை ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டினார்கள். பழைய கல்குவாரியில் தண்ணீர் ஆழம், கல்லைக் கட்டிவிட்டால் மேலே வராது என்று சுந்தரம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

பயம். சும்மா சொல்லக் கூடாது, வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது.

கார் ஓடியது. பாட்டு அலறியது. தகரத்தை எவ்வளவு முட்டினாலும் எவன் காதிலும் விழாது.

கேபிளைக் கழற்றினால்?

ஓடுகிற வண்டி நிற்காது. டைனமோ ஓட்டிக்கொண்டு போய்விடும். விளக்கு மினுக்கினால் பால்பாண்டிக்குச் சந்தேகம் வரும். இறங்கி வந்து டிக்கியைத் திறப்பான், இங்கேயே கதையை முடிப்பான்.

எஞ்சின் அணைய வேண்டும். அணைந்த பிறகு கழற்ற வேண்டும்.

குவாரிக்கு முன்னால் ரயில்வே கேட் இருக்கிறது. மத்தியானப் பாசஞ்சர் வருகிற நேரம். கடவுளே, இன்றைக்கு மட்டும் அது லேட்டாக வரட்டும், கேட் மூடியே கிடக்கட்டும்.

கார் வேகம் குறைந்தது. நிற்கிற வண்டிகளையெல்லாம் தாண்டி, வலது பக்கமாக ஏறி, கேட்டை முட்டுகிற மாதிரி முன்னால் போய் நின்றது. பால்பாண்டி என்றைக்கு அடுத்தவனுக்குப் பின்னால் நின்றிருக்கிறான்?

எஞ்சின் அணைந்தது.

நிறுத்தினால் அணைத்துவிடு, இல்லையென்றால் சூடேறிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவனே இவன்தான். அந்தப் பேச்சை மட்டும் பால்பாண்டி தட்டியதில்லை.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கேபிளைப் பிடித்திருக்கிற நட்டைத் தேடினான் இவன். ராத்திரியெல்லாம் பாட்டுப் போட்டுப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்களே என்று, கழற்றிச் சார்ஜ் போட வசதியாக, ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகுகிற இரண்டு காது வைத்த நட்டுப் போட்டிருந்தான். இடது கை உடம்புக்கு அடியில் நசுங்கி மரத்துக் கிடந்தது. எட்டியது வலது கைதான்.

உடைந்த விரலால் பிடித்தான்.

திருகினான்.

கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. எலும்பு உள்ளே உரசுவது காதுக்கே கேட்டது. கிரீஸ் துணியைக் கடித்துக்கொண்டு தங்கையாவின் வெந்த முகத்தை நினைத்தான். இன்னொரு திருகு. ரத்தத்தில் வழுக்கியது. மறுபடியும் பிடித்தான்.

கேபிளை உருவினான்.

பாட்டு பாதியில் செத்தது.

ஸ்டீரியோவைச் சுந்தரம் தட்டுகிற சத்தம். தட்டினான், வைதான், விட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. தகரமெல்லாம் அதிர்ந்தது.

கேட் தூக்கினார்கள்.

சாவியைத் திருகினான் பால்பாண்டி. டிக் என்றுகூடச் சத்தம் இல்லை.

பின்னால் ஹார்ன். முன்னாலும் ஹார்ன். வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறானே, எதிரே வருகிற பஸ் எப்படிப் போகும்? கண்டக்டர் இறங்கி வந்து ஏசினார். தள்ளுங்கப்பா என்றார் ஒருவர். நாலு பேர் கை வைத்துத் தள்ளினார்கள். உடைந்த கையின் மேல் இவன் உருண்டு விழுந்ததுதான் மிச்சம், தண்டவாள மேட்டில் வண்டி உசும்பவில்லை. எல்லாரும் விலகுங்க, நாங்க பாத்துக்கிடுதோம் என்று பால்பாண்டி உறுமினான். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அவர்களும் உறுமினார்கள்.

பானெட்டைத் தூக்குகிற சத்தம்.

யாரோ ஒரு ஆட்டோக்காரர். உதவி செய்ய வந்தவருடைய குரல்.

"என்ன அண்ணாச்சி, பேட்டரியவே காணும்?"

பானெட்டை மூடும் என்று பால்பாண்டி அவசரப்பட்டான்.

கேபிள் பின்னால் போகிறதே என்றார் அதே ஆட்டோக்காரர்.

செருப்புச் சத்தம் காரை ஒட்டி வந்தது. ஒருவர், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். டிக்கி மேல் ஒரு கை தட்டியது. சாவியைக் கேட்டார்கள்.

உள்ளே இவன் சுட்டுவிரலை நீட்டிப் பார்த்தான்.

உயிர் போகிற வலி. கோணல்தான்.

ஆனாலும் நீண்டது.