மொய்க் கவர்

ரூபாய் நோட்டே அரிதாகிப்போன காலம். மொய்யைக் கார்டில் தேய்த்தால் மைக்கில் அதையும் சொல்லி மானத்தை வாங்கிவிடுவார்கள். தமயந்தியின் ஓர்ப்படி கோமளா மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் நிஜ நோட்டு வைத்த கவரை நீட்டுவாள். "எங்களுக்குக் கார்டெல்லாம் பழக்கமில்லம்மா" என்பாள். தமயந்திக்கு வயிறு எரியும்.

இந்த முறை தமயந்தியும் விடவில்லை. நோட்டு விற்கிறவனிடம் கார்டில் ஐயாயிரம் தேய்த்து, ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் காசும் வாங்கிக் கவரில் போட்டாள். வரிசையில் கோமளாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

மொய் எழுதுகிறவர் கவரை, நோட்டு வந்த வழியைப் படிக்கும் புது மெஷினில் வைத்தார்.

"தமயந்தி, ஐந்நூத்தி ஒண்ணு!" என்று மைக் முழங்கியது. "கார்டுல வாங்கின நோட்டு!"

மண்டபமே சிரித்தது. கோமளாவின் இளிப்பையும் பார்த்துத் தொலைப்போம் என்று தமயந்தி திரும்பினாள்.

கோமளா தன் கவரை அவசர அவசரமாகக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.