பள்ளத்து வயல்

அறுப்பு மெஷின் வேலையை முடித்துக் கரையேறியதும், பொன்னழகு போனை எடுத்து அந்த மெசேஜை மறுபடியும் படித்தார். 'நாளை கனமழை. பள்ளத்து வயலை இன்றே அறுக்கவும்.' பெயர் இல்லை, வெறும் நம்பர்தான்.

"மேல இருந்தே பாக்குறாக. நம்ம வயலு பள்ளங்கிற வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காக," என்று மனைவி சிட்டாளிடம் காட்டினார். மழை எச்சரிக்கைக்காகப் போன மாதம்தான் ஒரு விவசாய இணையதளத்தில் பதிந்திருந்தார். என்னவோ அந்த சாட்டிலைட்டையே அவர்தான் ஏவிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

பக்கத்து வயல் தம்பி மாயக்கண்ணனுடையது. அதிலும் கதிர் முற்றி நின்றது. வரப்புத் தகராறில் பேச்சு நின்ற அன்றே தம்பியின் நம்பரைப் போனிலிருந்து அழித்தவர் பொன்னழகு. அவன் காரைக்குடிக்குத் தார்ப்பாய் வாங்கப் போயிருப்பதாகவும், யாரையாவது விட்டு மழைச் சேதியைச் சொல்லலாம் என்றும் சிட்டாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் டிரைவரும் கேட்டான். "அங்குட்டும் வெளஞ்சு நிக்குதேண்ணே, அதையும் அறுத்துரவா?"

"அவுக ஆளு வச்சு அறுக்கப் போறாகளாம். நீ கெளம்பு." கூசாமல் பொய் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் கிடைத்த ஒரே மெஷின் அது. ஒக்கூரை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மதியம் மழை வெறித்தபோது தம்பியின் நெல் மொத்தமும் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. மாயக்கண்ணன் சேற்றில் நின்று, சாய்ந்த கதிர்களைத் தூக்கித் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

பொன்னழகுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் அடுக்கியிருந்த தன் நெல் மூட்டைகளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஊரே பார்க்கட்டும் என்று எழுந்துபோய், சண்டை போட்ட அதே வரப்பில் நின்றார்.

முதலில் பேசியது தம்பிதான். "வாங்கண்ணே. ஒங்க நெல்லு நனையாம வீடு சேந்துருச்சுல்ல?"

அதைக் கேட்டதும் பொன்னழகுக்கு உடம்பே கூசியது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழை வருதுன்னு எனக்கு முந்தியே மெசேஜ் வந்துச்சுடா. ஒனக்குச் சொல்லல. இங்குட்டு வர இருந்த மெஷினையும் பொய்யச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."

மாயக்கண்ணனின் கை கதிரைப் பிடித்தபடியே நின்றது.

"ஒங்களுது முடிஞ்சதும் மெஷினை இங்குட்டு அனுப்பிருவீகன்னு நம்பித்தாண்ணே தார்ப்பாய் வாங்கப் போனேன்," என்றான். "அந்த மெசேஜை அனுப்புனதே நாந்தான்."