கீழ் உதடு

அயிலை வந்திருக்கிறதா என்று கேட்க அவள் மீன்கடைக்குள் போகத் திரும்பினாள்.

அவள் கணவன் தாணு உள்ளே வரவில்லை. மீன் வாடை கோட்டில் ஏறிவிடும் என்றான். தூறலுக்கு ஒதுங்கிப் பக்கத்துக் கட்டடத்தின் வாசல்படியில் ஏறி நின்றான்.

லிவர்பூலில் அந்தப் பக்கம் முழுக்க அப்படிப்பட்ட கட்டடங்கள்தான். கப்பலிலும் பருத்தியிலும் பணம் பார்த்தவர்கள் கட்டிப்போட்ட கல் மாளிகைகள். கரிப்புகை படிந்து இன்னும் கறுப்பாகவே நிற்பவை.

அந்த வாசலுக்கு மேலே கடல்தேவனின் முகம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பெரிய தாடி.

தாணு அண்ணாந்து பார்த்தான்.

"ஒங்க பெரியப்பா மாதிரில்லா இருக்காரு. குளிச்சி ஒரு மாசம் ஆன பெரியப்பா."

"நல்லா வாயில வருது எனக்கு. இங்கயே நில்லுங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அயிலை வந்திருந்தது.

•

முகத்தைத் தாங்கக் கல்லுக்குள் வைத்திருந்த இரும்பு துருவேறி வீங்கியிருந்ததாம். இரவில் உறைந்த தண்ணீர் மிச்சத்தைச் செய்ததாம்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அரைப் பக்கத்துக்கு, முன்பு எப்போதோ எடுத்த படம்.

விழுந்து நொறுங்கிய அந்த முகத்தின் படம்.

இறந்தவர் என்று தாணுவின் பெயர் கீழே, கடைசி வரியில் இருந்தது.

•

லண்டனிலிருந்து தாணுவின் அண்ணன் பூதலிங்கம் வந்தார். எரித்து முடித்த அன்று அவருக்கு ஒரு கல் வேண்டியிருந்தது.

இறந்தவரை ஒரு கல்லில் இறக்கி, எள்ளும் தண்ணீரும் விட்டு, பத்தாம் நாள் ஆற்றில் சேர்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"தோட்டக் கடைல கல்ல பாக்கெட்டுல போட்டு விக்கான். அதுலயெல்லாம் அவன் எறங்க மாட்டாம்மா."

தம்பி விழுந்த இடத்துக்கே போனார். தடுப்புக்குக் கீழே கையை விட்டு, சுவரோரம் கிடந்த ஒன்றை எடுத்து வந்தார். உள்ளங்கை அளவு, கறுப்பு. ஊர்க் கல் மாதிரியே இருக்கிறது என்றார்.

அடுக்களையில் ஒரு தாம்பாளத்தில் வைத்தார்கள். காலையில் அவர் தண்ணீர் விடுவார். அவர் எழுந்து போன பிறகு அவள் விடுவாள்.

மூன்றாம் நாள் கரி கரைந்து இறங்கியது. தாம்பாளத்தில் சாக்கடை நிறத்தில் தண்ணீர் நின்றது. கறுப்புக்கு அடியில் கல் சிவப்பாக இருந்தது. ஒரு வளைவு தெரிந்தது.

கட்டைவிரலால் துடைத்தாள்.

உதடு.

தடித்த கீழ் உதடு. அதன் கீழே தாடியின் ஒரு சுருள்.

இதைத்தான் குளிப்பாட்டியிருக்கிறாள். இதனிடம்தான் பேசியிருக்கிறாள், தணிந்த குரலில், பூதலிங்கம் அண்ணாச்சிக்குக் கேட்காமல்.

நேற்று முத்தமும் கொடுத்திருந்தாள்.

தொட்டியில் வாந்தி எடுத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வாயைத் தேய்த்தாள். எரிந்த பிறகும் தேய்த்தாள்.

பூதலிங்கம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமும் கோணிப்போயிற்று. ஆனால் அதைத் துணியால் துடைத்து மறுபடி தாம்பாளத்திலேயே வைத்தார்.

"எறக்கியாச்சேம்மா. இப்பம் கல்ல மாத்துனா அவன் எங்க போவான்?"

அதன் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் விட்டாள். கை படாமல், நீளக் கரண்டியால்.

•

ஒன்பதாம் நாள் ஒரு பெண் வந்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பிலிருந்து. கையில் வெள்ளைப் பூக்கள். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

அந்த மரியாதை அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

முகத்தின் துண்டுகளை எல்லாம் பொறுக்கிச் சேர்த்துவிட்டார்களாம். மேசையில் பரப்பி எண் போட்டு அடுக்கியிருக்கிறார்களாம். வாய் இருக்கும் இடம் மட்டும் காலி. தடுப்புக்குள் ஒருவர் கையை விட்டதைக் காவலாளி பார்த்திருக்கிறார்.

குற்றம் சொல்ல வரவில்லை என்றாள் அந்தப் பெண். எத்தனை மென்மையாகச் சொல்ல முடியுமோ அத்தனை மென்மையாகச் சொன்னாள்.

"இந்த நகரத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு."

பிறகு முகம் சிவந்தது.

"உங்களுக்கும்தான்."

அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது.

கொடுத்தால், தாணு அந்த வாசலுக்கு மேலே போய்விடுவான். பூசி ஒட்டி வைப்பார்கள். கீழே நின்று படம் எடுப்பார்கள். கொடுக்காவிட்டால், நாளைக்கும் அதைக் குளிப்பாட்ட வேண்டும்.

இங்கே இல்லை என்றாள்.

அந்தப் பெண் போனதும் பூக்களைக் காகிதம் பிரிக்காமல் குப்பையில் போட்டாள். கரண்டியை எடுத்தாள்.

•

பத்தாம் நாள் மெர்சி ஆறு கரை தொட்டு நின்றது. படிக்கட்டில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. பூதலிங்கம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே கல்லை எறிந்தார்.

சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்கள் பார்க்கவில்லை.

அது கடல் ஏறி இறங்கும் ஆறு என்பதை அப்போது இருவரும் யோசிக்கவில்லை.

•

கோடையில் அந்தக் கட்டடத்தில் கட்டியிருந்த சாரத்தைப் பிரித்தார்கள். முகம் பழையபடி வாசலுக்கு மேலே இருந்தது. வாயை மட்டும் புதுக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். கறுத்த தாடிக்கு நடுவே இளஞ்சிவப்பாக, எதையோ தின்றுவிட்டுத் துடைத்த வாய் போலிருந்தது.

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அவள் அங்கே நிற்கவில்லை. ஆற்றை நோக்கி நடந்தாள்.

தண்ணீர் இறங்கியிருந்தது. படிகள் கடைசி வரை தெரிந்தன, பாசியோடு. அதற்கப்பால் சேறு.

ஒரு நாய் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

கடைசிப் படிக்குக் கீழே, குனிந்தால் எடுத்துவிடலாம் என்கிற தூரத்தில், உதடு வானத்தைப் பார்த்துக் கிடந்தது.