உள்ளங்கை

பத்தொன்பது வருடமாக மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் ரெஜினா, எந்தப் பெட்டி படுத்துவிட்டாலும் முதலில் அதன் மேல் உள்ளங்கையை வைப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதைப் போல. இப்போது அந்த வேலை நிலைக்க முதல்நிலைச் சான்றிதழ் வேண்டுமாம்.

"கையை வச்சா மார்க் கிடையாதுக்கா. 'பயன்படுத்துபவரிடம் கேட்பேன்'னு போடுங்க" என்று கூட வேலைபார்க்கும் நசீமா சொல்லி அனுப்பியிருந்தாள்.

தேர்வறையில், 'கம்ப்யூட்டர் பழுதானால் முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற அந்தக் கேள்வியே வந்தது. கொடுத்திருந்த நான்கு விடைகளிலும் கை இல்லை. நசீமா சொன்னதையே தேர்ந்தெடுத்தாள். ஆனால் இடது கை, பழக்கதோஷத்தில், அவள் தேர்வெழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"மேடம், கையை எடுங்க!" கண்காணிப்பாளர் அதட்டினார்.

ரெஜினா எடுக்கவில்லை. பெட்டி கொதித்தது. இன்னும் நாற்பது கேள்விகள் இருந்தன. இது பத்து நிமிடம் தாங்காது.