கெசியாவின் வியாழக்கிழமை

"திங்கட்கிழமையே கல்யாணத்த முடிச்சிடலாம் கெசியா! பாதிரியார்கிட்டகூடப் பேசிட்டேன்," என்றார் சைலஸ்.

விதவை கெசியா அவர் கோப்பையில் ஆப்பிள் மதுவை ஊற்றினாள். "இத்தனை வருஷம் தனியா இருந்தவளுக்கு இன்னும் மூணு நாள் பெருசா? வியாழக்கிழமை வச்சுக்கலாங்க."

"அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியாது!"

"ஐயே, இந்த வயசுல இவ்வளவு அவசரமா?" கெசியா சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை. நியூ ஜெர்சியில் 1797-ஆம் வருடத் தேர்தல். சாவடி வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டிருந்தார் வேட்பாளர் சைலஸ். வரிசையில் கெசியாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எங்க இங்க?"

"சொத்து இருக்கற விதவைக்கு ஓட்டு உண்டே! கல்யாணமானவளுக்குத்தானே கிடையாது? நேத்தே எனக்கு மோதிரம் போட்டிருந்தீங்கன்னா, உங்க எதிராளிக்கு ஒரு ஓட்டு குறைஞ்சிருக்கும். பாவம், ரொம்பத்தான் பாடுபட்டீங்க!"

அன்று மாலை சைலஸ் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

வியாழக்கிழமை காலை கெசியாவின் கதவைத் தட்டினார். "பாதிரியார் காத்திருக்கார். இன்னைக்காவது வர்றியா?"

"எதுக்குங்க அவசரம்?" என்றாள் கெசியா. "அடுத்த வருஷமும் தேர்தல் வருதே!"