அவிழ்க்காத முடிச்சு

“கண்ணாடி சொல்வதெல்லாம் உண்மையில்லை” என்று பலகையில் எழுதிவிட்டு இஸ்க்ரா டீச்சர் திரும்பியபோது, வழக்கம்போல் முதலில் உயர்ந்தது பிலியானாவின் கைதான்.

வசந்தம் வந்த பிறகும் அவள் கம்பளிச் சட்டையை விடவில்லை. அதன் கைப்பகுதி விரல் வரைக்கும் இறங்கியிருந்தது.

எந்த உடம்பும் அழகுதான், ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் தப்பு என்று பாடத்தில் இருந்ததை வரி பிசகாமல் சொன்னாள் பிலியானா. இஸ்க்ராவுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. காட்டிக்கொள்ளவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் அவள் டீச்சர், செல்லம் கொடுக்கிற பேச்சே கிடையாது. அதில் அவள் ரொம்பக் கறார்.

எட்டாம் வகுப்புக்கு இந்தப் பாடம் வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் மல்லுக்கு நின்று வாங்கியவள் அவள்தான். சாயங்காலமெல்லாம் பள்ளியிலேயே உட்கார்ந்து தயாரித்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாரக்கணக்காகிறது.

“டீச்சர், நாரை வந்துடுச்சு.”

ஜன்னலோரத்து அசென் சொன்னதுதான் தாமதம், வகுப்பே எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வந்த பறவை எதிர்வீட்டுப் புகைபோக்கியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, மார்ச் முதல் நாள் கையில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை, அந்த வருஷத்து முதல் நாரையைப் பார்க்கும்வரை யாரும் கழற்றுவதில்லை. பார்த்துவிட்டால், பூத்த மரமாகப் பார்த்துக் கட்டிவிட வேண்டும். முற்றத்துப் பிளம் மரம் பூத்துத் தயாராக நின்றது.

குளித்துக் குளித்து இறுகிய முடிச்சுகள் லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்கள். அசென் கத்தரிக்கோல் கேட்டான்.

“உன் குண்டுக் கைக்குக் கத்தரிக்கோல் பத்தாதுடா, ரம்பம்தான் வேணும்” என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு நாள் நடத்திய பாடம் இதுதானா என்று இஸ்க்ராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதட்ட வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் பிலியானா கையைத் தொங்கவிட்டாள்.

அவள் எதையும் அவிழ்க்கவில்லை. சட்டைக் கைக்குள் மேலே ஏற்றி வைத்திருந்த நூல் சரசரவென்று வழுக்கி, குவிந்த விரல்களைத் தாண்டித் தரையில் விழுந்தது. வளையம் குலையவில்லை.

வேறு யாரும் கவனிக்கவில்லை. இஸ்க்ரா குனிந்து எடுத்தாள்.

இந்தப் பாடம் தொடங்கிய அன்று, சாப்பிடாமலே கிடந்து உருக்குலைந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியிருந்தாள். வீட்டாரை அந்தப் பெண் எப்படியெல்லாம் ஏமாற்றினாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் பயப்படட்டும் என்றுதான். மற்றவர்கள் நெளிந்துகொண்டிருக்க, பிலியானா மட்டும் கை தூக்கினாள்.

“அவங்க அம்மாவுக்கு எப்போ தெரிஞ்சுது டீச்சர்?”

“ரொம்ப நாளைக்குத் தெரியவே இல்ல.”

நல்ல கேள்வி என்று வகுப்பின் முன்னால் பாராட்டவும் செய்தாள்.

இப்போது பிலியானா எதிரே வந்து கையை நீட்டினாள். இன்னொரு கை, சட்டை மேலேறிவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது.

“குடுங்க டீச்சர், மரத்துல கட்டணும்.”

இஸ்க்ரா கொடுக்கவில்லை. அவள் கட்டைவிரல் அந்த முடிச்சிலேயே நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு.

மார்ச் முதல் நாள் காலையில், பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், தங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, மகளின் கையில் இறுக்கமாக அவளே போட்ட முடிச்சு அது.